சட்டையை விற்று வாங்கிய அரிச்சுவடி

இன்றைய கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பாடசாலை அதிபர் அவர்களே, மழையையும் பாராமல் மலையேறி வந்திருக்கும் கல்விப் பணிப்பாளர் அவர்களே, தேயிலைத் தோட்ட முகாமையாளர் அவர்களே, ஆலய பரிபாலன சபைத் தலைவர் ஐயா அவர்களே, மலையிலிருந்து நேரே வந்து இடுப்பில் சுற்றிய படங்கைக்கூட அவிழ்க்காமல் நிற்கும் அக்காமாரே, பிள்ளைகளே, வணக்கம். ஆலயத் தலைவர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. இந்தக் கதிரைகளும் ஒலிபெருக்கியும் அவர் தந்தவை. போன வருடமும் அவர்தான் தந்தார்.

ஒக்டோபர் வாசிப்பு மாதம். ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசும்படி அதிபர் கேட்டார். பினோக்கியோவை எடுத்துக்கொண்டேன். உண்மை, பொறுப்பு என்று இரண்டு விஷயம் சொல்கிறேன்.

இத்தாலிக்காரர் கார்லோ கொலோடி இதை 1881இல் சிறுவர் பத்திரிகையில் தொடராக எழுதத் தொடங்கினார். பதினைந்தாம் அத்தியாயத்தில் மரப்பொம்மையான பினோக்கியோவை மரத்தில் தூக்கில் தொங்கவிட்டுக் கதையை முடித்துவிட்டார். வாசித்த பிள்ளைகள் விடவில்லை. கதை 36 அத்தியாயம் வரை போய், 1883இல் புத்தகமானது. பிள்ளைகள் வாசித்ததால் உயிர் பிழைத்தவன் பினோக்கியோ!

பினோக்கியோ பொற்காசைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே தொலைந்துவிட்டது என்கிறான். மூக்கு நீள்கிறது. காட்டில் தொலைத்தேன் என்கிறான், இன்னும் நீள்கிறது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அவனுக்கு எட்டு நொடிகூடக் கிடைக்கவில்லை.

எனக்கு அதைவிடப் பெரியது அவன் அப்பாவின் சட்டை. பனி கொட்டுகிற நாளில், அவனைச் செதுக்கிய அப்பா ஜெப்பெத்தோ தன் மேற்சட்டையை விற்று மகனுக்கு அரிச்சுவடி வாங்கி வருகிறார். சட்டை எங்கே என்றால், புழுக்கமாக இருந்தது, விற்றுவிட்டேன் என்கிறார். அந்தப் பொய்க்கு யார் மூக்கும் நீளவில்லை. மகனோ அரிச்சுவடியை விற்றுப் பொம்மலாட்டம் பார்க்கப் போகிறான்.

நானும் போனவன்தான். ஐந்தாம் தரம் படிக்கும்போது, அம்மா இரண்டு ஞாயிறு, அன்றன்றே கையில் தரும் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்துச் சேர்த்த பணத்தைப் புலமைப்பரிசில் பரீட்சைப் புத்தகம் வாங்கத் தந்தார். டவுனில் தேர்த் திருவிழா. ராட்டினத்தில் ஏறினேன், இறங்கினேன், மறுபடியும் ஏறினேன். கடைசியில் கையில் மிஞ்சியது கச்சான் சுற்றிய கடதாசி. புத்தகத்தை பஸ்ஸில் தொலைத்துவிட்டேன் என்றேன். "சரி, போனா போகுது" என்றார் அம்மா.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. எட்டாம் நாள், காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில், என்னை ராட்டினத்தில் கண்ட ஒருவர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. அடுத்த ஞாயிறு அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டார். நான் பின்னால் ஓடினேன். நல்ல மழை, அம்மாவின் விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு முள் நிற்கும்வரை அவர் வேறெங்கும் பார்க்கவில்லை. நனைந்து நடுங்கியவரிடம் "குளிரலையாம்மா?" என்றேன். "புழுக்கமா இருக்குடா" என்றார். அப்புறம் பல வருடம் கழித்து ஜெப்பெத்தோவின் அந்த வரியை வாசித்தபோது, அதற்கு மேல் வாசிக்க முடியாமல் புத்தகத்தை மூடிவிட்டேன்.

பொறுப்புக்கு வருகிறேன். கதையின் முடிவில், சுகமில்லாத அப்பாவுக்கு ஒரு கிண்ணம் பால் வாங்க, பினோக்கியோ நூறு வாளி தண்ணீர் இறைக்கிறான். இதை நம் பிள்ளைகள் வாசிக்க வேண்டாமா? எங்கே வாசிப்பார்கள்? பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில், தொலைக்காட்சிக்கும் அடுப்புப் புகைக்கும் நடுவிலா? இந்தத் தோட்டத்துக்கு வாசிகசாலை வரும் என்று மேடையேறிச் சொன்னவர்கள் உண்டு. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு, ஐயா. நமக்குப் பல எட்டு நாள் போய்விட்டது.

முகாமையாளர் அவர்களே, வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைக்காம்பரா பூட்டிக் கிடக்கிறது. அதை வாசிகசாலை ஆக்குவோம். கூரையில் இரண்டு தகரம் ஒழுகுகிறது, அதை நான் மாற்றித் தருகிறேன். என் அலுமாரியில் 140 புத்தகம் இருக்கிறது, முதலாவது பினோக்கியோ. வெள்ளையடிக்கப் பொடியன்கள் சனிக்கிழமை காலை வருகிறார்கள். இப்போது இந்த மேடையிலேயே அந்தச் சாவியை அதிபர் கையில் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.