முதலில் தெரிவது பக்கத்து வீட்டுக்குத்தான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த ஹட்டன் குளிரில் மப்ளர் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, பின் வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம். தம்பிமாரே, போனை உள்ளே வைக்க வேண்டாம். என் பேச்சில் ஒரு பகுதி அந்தப் போனைப் பற்றியதுதான்.

வன்முறைத் தீவிரவாதத்தைத் தடுக்கப் பெரிதும் உதவுவது கடுமையான சட்டமா, மக்களின் ஒத்துழைப்பா? இதுதான் தலைப்பு. நான் மக்கள் பக்கம். எதிரணித் தலைவர் சட்டத்தரணி. அவர் சட்டத்துக்காகப் பேசாமல் வேறு யார் பேசுவது? ஃபீஸ் வாங்காமல் அவர் இவ்வளவு நேரம் வாதாடியதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். அந்தப் பெருமை இந்த மேடைக்கே சேரட்டும்.

அவருடைய பெரிய வாதம் இது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. நடுவில் இரண்டு வாரத்துக்கு மேல் கிடைத்தும் அதிகாரிகள் அசையவில்லை. அசைந்திருந்தால் 260க்கும் மேற்பட்ட உயிர்கள் போயிருக்காது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமும் அவர்கள் கடமை தவறினார்கள் என்றது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் பங்குக்கு 100 மில்லியன் ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே சட்டத்தைப் பலப்படுத்துங்கள், அதை நடத்துகிறவர்களை முடுக்கிவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு என்கிறார்.

தீர்ப்பை நானும் மதிக்கிறேன். ஆனால் ஐயா, கதையை ஏப்ரல் 4இல் தொடங்குவது ஏன்? தனக்கு வசதியான திகதியிலிருந்து வழக்கைத் தொடங்குவது உங்கள் தொழில் பழக்கம். நான் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

2017 மார்ச்சில் கிழக்கே காத்தான்குடியில், பிறகு அந்த உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் ஆட்கள் சூபி முஸ்லிம்களோடு மோதினார்கள். அந்த மனிதர் ஆபத்தானவர் என்று அப்போதே முறைப்பாடு செய்தவர்கள் அதே ஊர் முஸ்லிம்கள். பிடியாணை வந்தது, அவர் தலைமறைவானார். அப்புறம் 2018 டிசம்பர் கடைசியில் மாவனல்லையில் அவரோடு தொடர்புள்ளவர்கள் புத்தர் சிலைகளை உடைத்தார்கள். மாவனல்லை தூரத்து ஊர் இல்லை. கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும்போது கடுகண்ணாவை இறக்கம் முடிந்து வருகிற ஊர். உடைத்தவர்களைத் தேடப் பொலிஸாருக்குத் துணை நின்றவர்களில் அங்குள்ள முஸ்லிம்களும் இருந்தார்கள். அந்தத் தேடல்தான் 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் பதுக்கியிருந்த வெடிபொருளில் போய் முடிந்தது. மார்ச் மாதம், அப்படி உதவிய ஒருவரை, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது தலையில் சுட்டார்கள். ஏப்ரல் 4 அதற்குப் பிறகு வந்தது.

அதாவது டில்லி சொல்வதற்கு முன்னால் காத்தான்குடி சொல்லியிருந்தது, மாவனல்லை சொல்லியிருந்தது. சொன்னவருக்கு ஒரு காவல்கூடப் போடாத அரசாங்கத்துக்கு இன்னும் நாலு சட்டம் கொடுத்தால் என்ன செய்யும்? அலுமாரியில் வைக்கும்.

இங்கே சட்டத்தரணி ஐயா குறுக்கே வருவார், எனக்குத் தெரியும். "மக்கள் சொன்னார்கள், ஆனால் தடுக்க முடியவில்லையே, அப்போது உங்கள் ஒத்துழைப்பு தோற்றதுதானே?" என்பார். ஒத்துழைப்பு என்றால் மக்கள் மட்டும் பேசுவது, அரசாங்கம் கொட்டாவி விடுவது என்று யார் சொன்னது? ஒரு கை தட்டி ஓசை வராது. காத்தான்குடிக்காரர் கை நீட்டினார், அந்தப் பக்கம் கை வரவில்லை. அது ஒத்துழைப்பின் தோல்வி இல்லை, ஒத்துழைக்காததன் தோல்வி.

அந்த ஞாயிறு காலை எச்சரிக்கைக் கடிதம் கோப்புக்குள் இருந்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கு அது போகவில்லை. அங்கே பெரிய பையோடு வந்த அந்நியனைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, உள்ளே விடாமல் முற்றத்திலேயே நிறுத்தியவர் ஆராதனைக்கு வந்திருந்த ஒரு தகப்பன். குண்டு முற்றத்தில் வெடித்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் செத்தார்கள், அவரும் செத்தார். ஆனால் நிறைந்திருந்த ஆலயத்துக்குள் வெடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் கையில் எந்த அதிகாரமும் இல்லை. தன் சபைக்கு யார் புதியவர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் எங்களுக்கு நல்ல அடி ஒன்று கொடுத்தார். "சமூகம், சமூகம் என்கிறீர்களே, கண்டிப் பக்கம் திகனையில் முஸ்லிம் கடைகளுக்கு நெருப்பு வைத்ததும் சமூகம்தானே?" என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். நியாயமான கேள்வி. தீவிரவாதம் என்றதும் ஒரே மதத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகாமல் திகனையையும் கொண்டுவந்ததற்கு நன்றி. பெரும்பான்மையின் பெயரால் கடை எரிப்பவனும் யாரோ ஒருவனால் தயாரிக்கப்பட்டவன்தான்.

திகனையில் நடந்ததை நாளாக எண்ணிப் பாருங்கள். 2018 பெப்ரவரி 22இல் தெல்தெனியவில் ஒரு சிங்கள லொறிச் சாரதியை நான்கு முஸ்லிம்கள் தாக்கினார்கள். பொலிஸார் சந்தேக நபர்களைப் பிடித்தார்கள். ஆக, சட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது. சாரதி ஆஸ்பத்திரியில் கிடந்து மார்ச் தொடக்கத்தில் இறந்தார். அதற்குப் பிறகுதான் கும்பல் கிளம்பியது. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் செத்துக் கிடந்தார். மார்ச் 6இல் அவசரகாலச் சட்டம். மார்ச் 7இலும் அக்குறணை, அம்பத்தென்னைப் பக்கம் தீ எரிந்தது. ஊரடங்கு இருந்தது, இராணுவம் இருந்தது, விசேட அதிரடிப்படை இருந்தது.

நான் கேட்பது அந்தச் சாரதி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைப் பற்றி. ஒரு வாரத்துக்கு மேல் கிடைத்தது. அந்த நாட்களை யார் பயன்படுத்தினார்கள்? ஃபேஸ்புக்கில் வெறுப்பைக் கொட்டியவர்கள் ஒரு நாளைக்கூட வீணாக்கவில்லை. அதே நேரத்தில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் மலட்டு மாத்திரை கலந்தார் என்று கதை கட்டிக் கடையை உடைத்தார்கள். அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தார், அது வெறும் மாவுக்கட்டி. சாப்பாட்டுக் கடையில் மாவு இல்லாமல் மாணிக்கக்கல்லா இருக்கும்? ஆனால் உண்மை தெரிய வந்தபோது தீ திகனை வரை பரவிவிட்டது. அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது, அதுவும் எரிந்த பிறகு. ஃபேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020இல்.

தம்பிமாரே, இங்கேதான் உங்கள் போன் வருகிறது. தோட்டக் கோயில் கமிட்டிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, பழைய மாணவருக்கு ஒன்று, கிரிக்கெட் அணிக்கு ஒன்று. ஒரு வீடியோ வந்து விழுகிறது. "இது எந்த ஊர், எந்த வருடம், நீ பார்த்தாயா?" என்று ஒரே ஒருவன் கேட்டால் போதும், அனுப்பினவன் வாய் அடைக்கும். உயர் நீதிமன்றம் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள். திகனைக் கலவரத்தில் பிக்குமாரும் சிங்கள அயலவரும் முஸ்லிம் வீடுகளுக்குக் காவல் நின்ற இடங்களும் உண்டு. 1983 கலவரத்தில் நம் தமிழ் ஆட்களைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்த சிங்களவர்களைப் பற்றி இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆக, எரித்ததும் சமூகம், காத்ததும் சமூகம். எந்தப் பாதி முதலில் கூடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒத்துழைப்பு கெட்டுப் போகும் வழியும் உண்டு, அதையும் நானே சொல்லிவிடுகிறேன், எதிரணிக்கு வேலை மிச்சம். 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பிடித்தார்கள். உடுப்பில் தர்மச் சக்கரம் இருக்கிறதாம். அது கப்பல் சுக்கான். வாரக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார். எந்தச் சட்டத்தில் தெரியுமா? வெறுப்புப் பேச்சைத் தண்டிக்க இருக்கும் 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர்., அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் சட்டத்தில். அயலவர் உடுப்பை முறைத்துப் பார்ப்பதற்குப் பெயர் ஒத்துழைப்பு இல்லை, அது பயம். பயத்தின் கையில் சட்டத்தைக் கொடுத்தால் சுக்கானும் சக்கரமாகும்.

இனி நம் மலைக்கு வருகிறேன், இதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். கொழுந்து எடுக்கும் அம்மாவுக்குத்தான் இலையில் கொப்புளம் விழுந்தது முதலில் தெரியும். துரைக்கு நிறை குறையும்போதுதான் தெரியும். பிள்ளை மாறுவதும் அப்படித்தான் கண்ணில் படுகிறது. கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போன மகன் தீபாவளிக்கு வந்து யாரோடும் கதைக்காமல் இருக்கிறான், ராத்திரி முழுக்கப் போனில் யாரோடோ இருக்கிறான், கோயிலுக்குப் போகும் தங்கையைத் திட்டுகிறான், "அவன்களை எல்லாம்" என்று ஆரம்பித்து முடிக்காமல் விடுகிறான். அவன் எந்த மதமாகவும் எந்தக் கட்சியாகவும் இருக்கட்டும். வறுமைதான் காரணம் என்றும் நான் சொல்ல வரவில்லை. 2019இல் குண்டோடு போனவர்களில் கொழும்பின் பெரிய மசாலா வியாபாரி ஒருவரின் இரண்டு மகன்மார் இருந்தார்கள். மாறிப்போன அந்த மகனின் அம்மா யாரிடம் போவாள்?

எதிரணி சொல்கிறது, பொலிஸுக்குப் போ. அவளுக்குப் பயங்கரவாதத் தடைச் சட்டம் தெரியும். பிரிவு எண் தெரியாது, சட்டம் தெரியும். 1979இல் மூன்று வருடத்துக்கென்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம். வழக்கில்லாமல் 18 மாதம் வரை வைத்திருக்கலாம். 2022இல் திருத்தி 12 மாதமாக்கினார்கள். பெரிய பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்ததாகச் சொல்லும் வாக்குமூலமே அவனுக்கு எதிரான சாட்சி. அடையாள அட்டையில் தோட்டத்து முகவரியும் தமிழ்ப் பெயரும் இருந்ததற்காகக் கொழும்பில் இறக்கி விசாரிக்கப்பட்ட அண்ணன்மார் இல்லாத லயக் குடியிருப்பு இந்த மலையில் எங்கே இருக்கிறது? பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவவில் அரசாங்கமே நடத்திய புனர்வாழ்வு முகாமுக்குள் 2000 ஒக்டோபர் 25 காலை கும்பல் புகுந்து 25க்கும் அதிகமான தமிழ் இளைஞர்களைக் கொன்றது. பொலிஸார் அங்கேதான் நின்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் தண்டிக்கப்பட்டவர் எவரும் இல்லை. இதை அறிந்த தாய் மகனைப் பற்றி வாய் திறப்பாளா? சட்டம் கடுமையாகக் கடுமையாக அவள் வாய் இறுகும். எதிரணியின் மருந்தே நோயை மறைக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

நுவரெலியா பிளக்பூலில் ஒரு கட்டடத்தைச் சஹ்ரான் கூட்டத்தினர் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள் என்று பொலிஸார் அறிவித்தது குண்டுகள் வெடித்த பிறகு. பக்கத்தில் யார் குடிவந்திருக்கிறார்கள் என்று ஒரு தேத்தண்ணியோடு போய்க் கேட்கும் பழக்கம் நம்மிடம் இருந்தது. இப்போது வாடகை வந்தால் சரி.

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்கிறீர்கள். ஆகாயத்திலிருந்து எதுவும் இறங்க வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. வேலித் தகராறு தீர்க்கும் அந்தப் பெரியவர்களுக்கு ஊரில் எந்தப் புகைச்சல் எங்கே என்று நன்றாகவே தெரியும். கோயில் ஐயர், பன்சலை ஹாமுதுரு, பள்ளிவாசல் மௌலவி, ஃபாதர் ஆகியோர் விழா மேடையில் வரிசையாக உட்கார்ந்து படம் எடுப்பதோடு நிற்காமல், சும்மா நாட்களில் ஒருவருக்கொருவர் போன் எடுத்துக் கதைக்கும் அளவுக்குப் பழக வேண்டும். வகுப்பாசிரியருக்கு, மருத்துவமாதுவுக்கு, பிள்ளையைப் பற்றிச் சொன்னால் அது அவன் வாழ்க்கையைக் கெடுக்காது என்ற உறுதி வேண்டும். பொலிஸ் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு எழுத ஒருவராவது இருக்க வேண்டும். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழை அரச கருமமொழி ஆக்கிவிட்டது, நம் ஸ்டேஷன்கள் சிலவற்றுக்கு அந்தத் தபால் இன்னும் வந்து சேரவில்லை போல. பாடசாலை விஷயம் பெரிது, தனிப் பட்டிமன்றமே வைக்கலாம்: ஒரே ரவுணில் முதலாம் ஆண்டிலிருந்து சாதாரண தரம் வரை மூன்று இனப் பிள்ளைகளும் மூன்று வாசலால் உள்ளே போய் மூன்று வாசலால் வெளியே வருகிறார்கள்.

நடுவர் ஐயா, மணியில் கை வைத்துவிட்டீர்கள், பார்த்துவிட்டேன். அடுத்து வரும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வியை விட்டுவிட்டு உட்காருகிறேன். அந்த லயத்து அம்மா இன்றிரவு ஒன்பது மணிக்கு ஒரு போன் எடுக்க வேண்டும். யாருக்கு எடுப்பாள்? பொலிஸின் 119 என்று நீங்கள் பதில் சொன்னால், மறுமுனையில் எந்த மொழியில் கேட்பார்கள், விடிந்ததும் லயத்துக்கு எத்தனை ஜீப் வரும், அவள் மகன் எந்த வருடம் திரும்புவான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வணக்கம்.