கேப் வச்சும் டெப்பட் சத்தம் போகலையா? உழவு மெசின்ல அடியப் பாருங்க

வணக்கம். பெரும்போக உழவுக்கு முதல் படுவான்கரைப் பக்கமிருந்து கூட வாற கேள்வி இது: "கேப் வச்சாங்க, நாலு நாள்ல திரும்பவும் டக்டக்குண்டு அடிக்குது." கேப் எண்டது ரொக்கருக்கும் வால்வுக்கும் இடையில விடுற இடைவெளி. அப்பிடித் திரும்ப அடிச்சா கேப் வைக்கிற நட்டைக் குறை சொல்லாதீங்க. கீழ டெப்பட்டும் கேமும் தேஞ்சிருக்கலாம். கேம் சுத்தி டெப்பட்டத் தள்ளும், டெப்பட் புஷ் ரொட் எண்ட கம்பியத் தள்ளும், அது ரொக்கரத் தட்டி வால்வத் திறக்கும்.

கழட்ட முதல் ரொக்கர் கவரைத் திறந்து, இஞ்சினை ஐடில்ல விட்டு புஷ் ரொட்டுகளப் பாருங்க. நல்லது மெல்லச் சுத்திக்கிட்டே ஏறி இறங்கும். கனக்க இஞ்சின்கள்ல டெப்பட் அடி லேசாக் குவிஞ்சும், கேம் துளி சரிஞ்சும் இரிக்கும், அதாலதான் சுத்துது. நிண்டுட்டா ஒரே இடத்தில உரசித் தின்னும். பொறகு உயர்ச்சி அளக்கிற டயல் கேஜ் வச்சு, கையால இஞ்சினச் சுத்தி, இன்லெட்ட இன்லெட்டோடயும் எக்ஸோஸ்ட எக்ஸோஸ்டோடயும் ஒப்பிடுங்க. எது குறைவா உயருதோ அங்கதான் தேய்மானம்.

ரொக்கர் நட்டுகள ஒண்ட முழுசாக் கழட்டாம, எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா இளக்குங்க. புஷ் ரொட்ட நேரா இழுக்காதீங்க! ஒயில் பிடிப்பில டெப்பட்டும் ஒட்டிக்கிட்டு வரும், இடையில விட்டு அடியில உள்ள ஒயில் சம்புக்குள்ள விழுந்தா வேலை இரட்டிப்பு. சுத்திக் குலுக்கிப் பிரிச்சிட்டு எடுங்க. காட்போட்ல ஓட்டை போட்டு, வந்த ஒழுங்கிலயே குத்தி வைங்க.

டெப்பட் ரெண்டு வகை. நேர் உருளையா இருந்தா ஹெட்டைத் தூக்கினதும் மேலால வரும். அடி காளான் மாதிரி விரிஞ்சிருந்தா மேலால வரவே வராது. இஞ்சினுக்கு முன்னால உள்ள டைமிங் கவர், கேம், சம்ப் எல்லாம் கழட்டணும். உழவு மெசின்ல இஞ்சினே சட்டம் மாதிரித்தான் நிக்குது, அதால முன் அச்சப் பிரிக்க முதல் ரெண்டு பக்கமும் பலமான முட்டு வைங்க. ஜக்க மட்டும் நம்பி கீழ போகாதீங்க. டைமிங் கியர் குறிகளப் பார்த்து அடையாளம் போடுங்க.

இந்தா, இதப் பாருங்க. டெப்பட் அடியில இரும்பு ரூலர் விளிம்ப வச்சு வெளிச்சத்துக்குப் பிடிச்சா, நடுவால வெளிச்சம் தெரியுது. குழி விழுந்திட்டு. ஊசி குத்தின மாதிரி புள்ளி இருந்தாலும் கழிக்கிறதுதான். லேத்துல கொடுத்து மட்டமாக்கித் தாறம் எண்டு சொல்லுவாங்க, வேணாம்; கடினமான மேல்தோல் மெல்லிசு, அது போனா கொஞ்ச நாள்ல மிச்சமும் போயிரும். கேம் மூக்குல (மேட்டு நுனியில) நகம் தட்டுப்பட்டா கேமையும் மாத்துங்க. தேஞ்ச கேமுக்குப் புது டெப்பட் போட்டா காசு வீண்.

பூட்டக்குள்ள டெப்பட் அடியிலயும் கேமிலயும் மொலி கிரீஸ் (மொலிப்டினம் கலந்தது) தாராளமாப் பூசுங்க. டெப்பட் அதுட ஓட்டைக்குள்ள தன் பாரத்திலயே இறங்கணும்.

கேப்: மெசி பெர்குசன் 240 உழவு மெசின்ல ஓடுற மூண்டு சிலிண்டர் பெர்கின்ஸ் ஏடி3.152க்கு இஞ்சின் குளிர்ல 12 தவு (ஒரு அங்குலத்தில ஆயிரத்தில 12 பங்கு), அதாவது 0.30 மி.மீ. மத்த இஞ்சினுக்கு அதுட புத்தகத்தப் பாருங்க. முதலாம் சிலிண்டர கம்ப்ரெஷன் உச்சிக்குக் கொண்டு வந்து ரெண்டு வால்வையும் வைங்க. பொறகு 240 பாகை சுத்தி ரெண்டாவது, இன்னும் 240 சுத்தி மூண்டாவது. ரொக்கர் நுனி குழிஞ்சிருந்தா கேப் அளக்கிற பீலர் கேஜ் பொய் சொல்லும். கேப் இறுக்கமாப் போனா சத்தமே இராது, ஆனா வால்வு எரியும்.

டீசல நிப்பாட்டுற ஸ்டொப்ப இழுத்து வச்சு ஒயில் பிரஷர் வரும்வரை ஸ்டார்ட்டர விட்டு விட்டு அடிங்க. ஓடத் தொடங்கினதும் ஐடில்ல விடாம 1500 ஆர்பிஎம்ல 20 நிமிசம். ஐடில்ல கேமுக்கு ஒயில் சிதறல் போதாது. ஹெட் கழட்டியிருந்தா கொஞ்ச நேரம் வேலை செஞ்ச பொறகு ஹெட் நட்ட புத்தகத்தில உள்ள டோர்க்குக்கு இறுக்கிட்டு கேப்ப மறுபடி பாருங்க. அந்த முதல் ஒயில வச்சிருக்காதீங்க. ஃபில்டரோட மாத்தி, பழைய ஃபில்டர வெட்டி விரிச்சுப் பாருங்க. இரும்புத் தூள் மினுங்கினா கவர திரும்பத் திறக்க வேண்டியதுதான்.