மாம்பலத்தில் கூட்டம், பறக்கும் ரயிலில் வெறிச்: ஏன்?

[காட்சி: மாம்பலம் ஸ்டேஷன், மாலை நேரம்]

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாம்பலத்தில் இறங்கியிருக்கிறீர்களா? படியை விட்டு இறங்கினால் நேரே ரங்கநாதன் தெரு. நீங்கள் நடக்கவே வேண்டாம், கூட்டமே தள்ளிக்கொண்டு போய் ஒரு ஜவுளிக்கடை வாசலில் விட்டுவிடும்.

நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் பெரிய ஏரி இருந்தது. 1920-களில் அதை வற்றவைத்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்னும் ஒரு தெருவுக்கு லேக் வியூ ரோடு என்று பெயர். ஏரிதான் இல்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, அதைத் தனி வீடியோவில் பேசலாம்.

[காட்சி: பழைய மீட்டர்கேஜ் மின்சார ரயில்]

1931-ல் சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பாரிமுனையில் வேலை பார்க்கிற குமாஸ்தா ஒரு சீசன் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு மாம்பலத்திலோ பல்லாவரத்திலோ குடியிருக்க முடிந்தது. வருஷம் போகப்போக தண்டவாளத்தை ஒட்டியே கிரவுண்டு கிரவுண்டாக மனை விற்று, தாம்பரம் வரைக்கும் ஊர் நீண்டது. சாயங்காலம் அவர்கள் திரும்பி வருகிற வழியில் கடை போட்டவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

சரி, ரயில் விட்டாலே ஊர் வளர்ந்துவிடுமா?

[காட்சி: பறக்கும் ரயில் நிலையம், உள்ளே]

இதையும் பாருங்கள். அதே சென்னைதான். தூண்கள் மேல் ஓடுகிற பறக்கும் ரயில் 1995-ல் சேப்பாக்கம் வரை வந்தது, 1997-ல் மயிலை, 2007-ல் வேளச்சேரி. கல்யாண மண்டபம் நாலைந்து கட்டலாம், அவ்வளவு பெரிய ஸ்டேஷன்கள், உள்ளே போனால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும். பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிப் பாதை போட்டதால் பல இடங்களில் வாசலுக்கு வெளியே கடைத்தெருவும் கிடையாது, பஸ் ஸ்டாப்பும் கிடையாது. இருட்டிய பிறகு அங்கே இறங்கித் தனியாக நடக்கப் பெண்கள் பயந்தால் அது அவர்கள் தப்பா?

அப்புறம், வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வெறும் 5 கிலோமீட்டர்தான். அங்கே போய்விட்டால் தாம்பரம் ரயிலும் மெட்ரோவும் கைக்கெட்டும். நிலப் பிரச்சினையில் அந்த 5 கிலோமீட்டருக்கு 15 வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம்.

[காட்சி: தி.நகர் ஆகாய நடைபாதை]

மாம்பலம் ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கிற இந்த நடைபாதை 2023-ல் திறந்தது, நீளம் சுமார் 570 மீட்டர். இரண்டு கையிலும் கட்டைப்பையோடு அதில் போகிற அம்மாக்களைப் பாருங்கள், கீழே இருக்கிற நெரிசலில் ஒரு தடவைகூட இடிபடாமல் பஸ் ஏறிவிடுகிறார்கள்.