மாமாக் கடை தே தாரிக்கை வீட்ல போட முடியுமா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இது 2021 ஜூன்ல, கோவிட் ஊரடங்கு நேரத்துல சொன்ன பதில்; 'இப்ப'ன்னு வர்றதெல்லாம் அந்த நேரத்தைத்தான் சொல்லுது. அன்னைக்கு வந்த கேள்விகள்ல இதை முதல்ல எடுக்கணும்னு தோணுச்சு. மலேசியாவுல, பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த், பாகான் டாலாம்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை: மாமாக் கடைன்னா இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, தே தாரிக்னா ஆத்தின பால் டீ, ரொட்டி சானாய்னா பரோட்டா மாதிரி அடுக்கு ரொட்டி, தண்ணி கலக்குறதுன்னா டீ போடுறது, தாபாவ்னா பார்சல். வாசிக்கிறேன்.

"அக்கா, எங்க அப்பாவுக்கு 70 வயசு தாண்டிடுச்சு. வேலையில இருந்து நின்னதுக்கப்புறம் தினமும் காலையில மாமாக் கடைக்குப் போய் ஒரு தே தாரிக், ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டுட்டு வருவார். இப்ப வீட்லயேதான் இருக்கார். நான் எப்படித் தண்ணி கலக்கிக் கொடுத்தாலும் ரெண்டு வாய் குடிச்சிட்டு வச்சிடுறார். தாபாவ் வாங்கிட்டு வந்தாலும் பிடிக்கல. கடை மாதிரியே வீட்ல செய்ய முடியுமா? இல்ல, அவருக்கு வேற ஏதும் மனக்குறையா?"

கடைசியில கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன் தங்கச்சி. இப்படிக் கேட்டா நிறைய பேர் சொல்லுவாங்க, "அப்பாவுக்கு டீ பிரச்சினை இல்ல, கூட்டாளிங்களைப் பார்க்க முடியலைங்கிறதுதான் பிரச்சினை"ன்னு. அதுல உண்மை இருக்கலாம். ஆனா டீ சரியில்லன்னு அவர் சொன்னா, டீ சரியில்லதான். எத்தனையோ வருஷமா ஒரே கடையில, ஒரே கைப்பக்குவத்துல குடிச்சவர். அவர் நாக்கை நம்புங்க. வயசானவங்க சாப்பாட்டைப் பத்தி ஒரு குறை சொன்னா உடனே அதை மனசு சம்பந்தப்பட்டதா மாத்திப் பேசுறது எனக்குச் சரியாப் படல. முதல்ல டீயைச் சரி பண்ணுவோம்.

தாபாவ் ஏன் பிடிக்கலன்னு புரியுது. 2020 மார்ச் 18-ல முதல் எம்சிஓ, அதாவது நடமாட்டக் கட்டுப்பாட்டு உத்தரவு, வந்தப்போ ரெண்டு வாரம்தான்னு நினைச்சோம். நடுவுல திறந்தாங்க. 2021 ஜனவரி 13-ல, பொங்கலுக்கு முதல் நாள், பினாங்கையும் சேர்த்து மறுபடி அடைச்சாங்க. அப்புறம் 2021 ஜூன் 1-ல இருந்து நாடு முழுக்க அடைச்சாங்க. 14-ஆம் தேதி வரைக்கும்னு சொன்னது அதையும் தாண்டிப் போய்க்கிட்டிருக்கு. கடை திறந்துதான் இருக்கு, ஆனா நாற்காலியெல்லாம் மேசை மேல கவுத்து வச்சிருக்காங்க. சுடச்சுட தே தாரிக்கைப் பிளாஸ்டிக் பையில ஊத்தி ரப்பர் பேண்ட் போட்டா, வீடு வந்து சேர்றதுக்குள்ள நுரை முழுக்க அடங்கிடும். திரும்பச் சூடு பண்ணினா பால் வாடை மாறிடும். ரொட்டியும் அப்படித்தான். மடிச்சுக் கட்டின தாள்ல தன் ஆவியிலேயே நனைஞ்சு, இழுத்தாதான் கிழியும்.

இப்ப டீக்கு வரேன். எங்க சித்தப்பா ரொம்ப வருஷம் ஜார்ஜ்டவுன்ல ஒரு சாப்பாட்டுக் கடையில தண்ணி கலக்குறவரா இருந்தார். நான் சொல்லப் போறது அவர்கிட்ட கத்துக்கிட்டது.

நீங்க பெரும்பாலும் டீ பை போடுறீங்கன்னு நினைக்கிறேன். அங்கதான் பாதி ருசி போகுது. கடையில போடுறது டஸ்ட், தேயிலையிலயே ரொம்பப் பொடியான ரகம். சீக்கிரம் இறங்கும், கறுப்பா இறங்கும், துவர்ப்பு நல்லா இருக்கும். டின் பால், அதாவது கண்டென்ஸ்டு மில்க், அவ்வளவு கெட்டி, அவ்வளவு இனிப்பு. அதுக்கு ஈடு கொடுக்க அந்தத் துவர்ப்பு வேணும். லேசான டீயில டின் பாலை ஊத்தினா இனிப்புத் தண்ணிதான் கிடைக்கும். சீனியையும் பாலையும் கூட்டிக் கூட்டிப் பார்க்காதீங்க. தூளைக் கூட்டுங்க.

ரெண்டு கிளாஸுக்கு 400 மில்லி தண்ணி நல்லாக் கொதிக்கட்டும். அடுப்பை அணைச்சிட்டு 2 மேசைக்கரண்டி டஸ்ட், தலை தட்டாம, குமிச்சுப் போடுங்க. மூடி வச்சு 5 நிமிஷம். தூளைப் போட்டு ரொம்ப நேரம் கொதிக்க விட்டா கசப்பு ஏறிடும், அது துவர்ப்பு இல்ல. அப்புறம் துணி வடிகட்டியில வடிங்க, கம்பி வலையில டஸ்ட் தப்பிச்சு வந்துடும். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுல, லெபோ பசார் பக்கம் பாத்திரக் கடையில காப்பிப் பைன்னு கேட்டாக் கொடுப்பாங்க. ஆனா இந்த 2021 ஊரடங்குல 10 கிலோமீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னு கட்டுப்பாடு, அதுக்காகப் பாலம் தாண்டித் தீவுக்கு வர முடியாது. சுத்தமான மெல்லிய மல் துணி போதும். சோப்புப் போட்டு மட்டும் கழுவாதீங்க, அந்த வாடை அடுத்த டீயில வரும். வெந்நீர்ல அலசிக் காய வைங்க.

2 மேசைக்கரண்டி டின் பால், 2 மேசைக்கரண்டி எவாபரேட்டட் பால் (சீனி போடாத, சுண்ட வச்ச டின் பால்). இங்க கொஞ்சம் நில்லுங்க. உங்க அப்பா கடையில எப்படிக் கேட்பார்னு தெரியுமா? 'குராங் மானிஸ்', அதாவது இனிப்புக் குறைச்சுன்னு சொல்றவரா? சில பேர் தே தாரிக்னுதான் சொல்லுவாங்க, ஆனா கடைக்காரர் அவங்க முகத்தைப் பார்த்தே தே சி (எவாபரேட்டட் பால் ஊத்துற டீ) மாதிரி இனிப்பு டின் பாலைக் குறைச்சுக் கலக்கிடுவார். அப்பாவுக்கே அது தெரியாம இருக்கலாம். அந்தக் கடைக்கே ஒரு போன் போட்டு, "எங்க அப்பாவுக்கு எப்படிப்பா கலக்குவீங்க?"ன்னு கேட்டுடுங்க. சந்தோஷமாச் சொல்லுவாங்க.

அடுத்தது ஆத்துறது. ரெண்டு சில்வர் குவளை எடுத்து, வெந்நீர் ஊத்திக் கொட்டிடுங்க. குவளை சூடா இருக்கணும். சின்க்குக்கு மேல நின்னுக்கிட்டு, ரெண்டு குவளையும் ஒட்டி வச்ச மாதிரி ஊத்த ஆரம்பிச்சு, ஊத்த ஊத்த மேல் கையை உயர்த்துங்க. ஒரு முழம் போதும். கடையில தலைக்கு மேல தூக்கி ஊத்துறது பார்க்க அழகு, நமக்கு அது தேவையில்ல. அஞ்சாறு தடவை ஆத்தினாப் போதும், அடியில கிடக்கிற கெட்டிப் பால் கலந்துடும், காத்து புகுந்து நுரை எழும்பும், சூடும் வாய் வைக்கிற அளவுக்கு இறங்கிடும். கரண்டியால கலக்கினா அந்த நுரை வராது. கடைசி ஊத்து நேரா கிளாஸ்ல. கைப்பிடி வச்ச கண்ணாடி கிளாஸ் இருந்தா அதுல கொடுங்க, பீங்கான் கப் வேணாம்.

ரொட்டி சானாய் ராத்திரியே ஆரம்பிக்கணும், அது ஒண்ணுதான் சிரமம். அரை கிலோ மைதா, ஒன்றரை தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி டின் பால், 2 மேசைக்கரண்டி உருக்கின நெய். தண்ணி 270 மில்லி எடுத்து வச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. முட்டை வேணாம், ராத்திரி முழுக்க வெளியில இருக்கப் போற மாவு. கையில ஒட்டியும் ஒட்டாமலும் வர்ற வரைக்கும் பிசைஞ்சு, அரை மணி நேரம் விட்டு, இன்னொரு தடவை பிசைஞ்சு, எட்டு உருண்டை போடுங்க. ஒவ்வொண்ணுலயும் மார்ஜரின் தடவி, தட்டுல தாராளமா எண்ணெய் ஊத்தி அதுல உட்கார வச்சு மூடிடுங்க. எண்ணெயைப் பார்த்துப் பயப்படாதீங்க. அந்த ஊறல்லதான் மாவோட இழுவை தளரும். இழுத்தா சுருங்கித் திரும்பி வர்ற மாவுன்னா, அது இன்னும் ஊறலன்னு அர்த்தம்.

காலையில மேசையில எண்ணெய் தடவி, உருண்டையை உள்ளங்கையால அழுத்தி, ஓரத்தைப் பிடிச்சு மெதுவா எல்லாப் பக்கமும் இழுங்க. வீசிப் போடத் தெரியலன்னா பரவாயில்ல. மேசை தெரியுற அளவு மெல்லிசாகணும், நடுவுல ஓட்டை விழுந்தாலும் மடிப்புல மறைஞ்சிடும். ரெண்டு பக்கமும் மடிச்சு, கயிறாத் திரட்டி, சுருட்டி வைங்க. பத்து நிமிஷம் கழிச்சுத் தட்டி, தோசைக்கல்லுல மிதமான தீயில ரெண்டு பக்கமும் சிவக்க விட்டு எடுங்க. எடுத்த உடனே மேசையில வச்சு ரெண்டு பக்கத்துல இருந்தும் கையாலச் சேர்த்து அடிக்கணும். அப்பதான் அடுக்கு பிரியும். ஆறின பிறகு அடிச்சா நொறுங்கும்.

குழம்பை நீங்க வைக்கச் சொல்ல மாட்டேன். அதை அப்பா போற கடையிலேயே வாங்குங்க. தாள்ச்சாவோ (பருப்புக் குழம்பு), மீன் குழம்போ, எது அவருக்குப் பழக்கமோ அது. குழம்புக்குப் பையில கட்டினா ஒண்ணும் ஆகாது, வீட்ல சுட வச்சா இன்னும் ருசிதான். பையில தாங்குறதைக் கடையில வாங்குங்க, தாங்காததை வீட்ல செய்யுங்க. அந்தக் கடைங்க இப்ப எவ்வளவு கஷ்டத்துல ஓடுதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். உக்காந்து சாப்பிடுற கூட்டத்தை நம்பி இருந்தவங்க. நாளைக்குத் திறக்கும்போது அப்பா போய் உட்கார அந்தக் கடை இருக்கணும் இல்லையா? எனக்கு இது ரொம்ப முக்கியமாத் தெரியுது. ரொட்டியைக் கிழிச்சுப் போட்டு மேல அந்தக் குழம்பையே பஞ்சிரா, அதாவது ரொட்டி மூழ்குற மாதிரி, ஊத்திக் கொடுத்துப் பாருங்க.

கூட்டாளிங்க விஷயமும் இருக்கு, அதை விட்டுட முடியாது. கடைக்குப் போற அதே நேரத்துக்கே டீயைக் கொடுங்க, அஞ்சடியில, அதான் வாசல் முன் நடையில, நாற்காலி போட்டு. சட்டை மாத்திக்கிட்டு வரச் சொல்லுங்க, வேணும்னா பேப்பரும் கையில கொடுங்க. அந்த நேரத்துல கூட்டாளி ஒருத்தருக்கு வாட்ஸ்அப்ல வீடியோ கால் போட்டுக் கொடுத்துட்டு நீங்க உள்ள போயிடுங்க, பக்கத்துலயே நிக்காதீங்க. தினமும் எத்தனை பேருக்குத் தொத்துச்சுங்கிற கணக்கை மட்டும் டீ குடிக்கிற நேரத்துல வாசிச்சுக் காட்டாதீங்க. அது சாயங்காலம் தெரிஞ்சாப் போதும்.

இன்னொண்ணு, இனிப்பு நீர் (சக்கரை வியாதி) இருக்கிறவரா அப்பா? நீங்க எழுதல. டின் பால்ல ஏறக்குறைய பாதி சீனிதான். கடைக்குப் போறப்ப ஒரு கிளாஸோட எழுந்து வந்துடுவார். வீட்ல நல்லா வந்துடுச்சுன்னா பத்து மணிக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு கேட்பார். காலையில ஒண்ணு அவர் கேட்கிற மாதிரியே கொடுங்க. அடுத்ததுக்கு டின் பாலை விட்டுட்டு எவாபரேட்டட் பால் மட்டும் ஊத்தி, ரெண்டு துண்டு இஞ்சியைத் தட்டிப் போட்டு ஆத்துங்க. இஞ்சிக் காரத்துல இனிப்புக் குறைஞ்சது அவ்வளவாத் தெரியாது. மாத்திரை சாப்பிடுறவர்னா கிளினிக்ல ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

சரி, அடுத்த கேள்வி செபெராங் ஜெயாவுல இருந்து, ஃப்ரிட்ஜ்ல வச்ச தோசை மாவு பத்தி.