சிலுவை ஊன்றிய மண்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘கிறிஸ்தவ நம்பிக்கையின் அடித்தளம் படைப்பா, சிலுவையா?’ என்ற தலைப்பில் படைப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, அப்போஸ்தலன் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை எடுத்து வைத்தார். “போடப்பட்டிருக்கிற அஸ்திபாரமாகிய இயேசுகிறிஸ்துவை அல்லாமல் வேறே அஸ்திபாரத்தைப் போட ஒருவனாலும் கூடாது.” கைதட்டல் அடங்க நேரமானது. நானும் கை தட்டினேன், மனதாரத் தட்டினேன். ஆனால் அந்தக் கிறிஸ்து யார்? யோவான் தம் சுவிசேஷத்தை எங்கே தொடங்குகிறார்? மாட்டுத்தொழுவத்தில் இல்லை, சிலுவை நின்ற கொல்கொதாவிலும் இல்லை. “ஆதியிலே வார்த்தை இருந்தது” என்று தொடங்கி, “சகலமும் அவர் மூலமாய் உண்டாயிற்று” என்கிறார். சிலுவையில் தொங்கியவர் யார் என்று சொல்வதற்கே வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் சொல், அந்த ‘ஆதியிலே’, தேவைப்படுகிறது.

சரி, படைப்பை விட்டுவிட்டுச் சிலுவையை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஒருவர் அதைச் செய்து பார்த்தார். கருங்கடல் கரையிலுள்ள சினோப்பு ஊரைச் சேர்ந்த மார்சியோன். கப்பல் வைத்திருந்த வணிகர். ரோமாபுரிச் சபைக்கு வந்து 2,00,000 செஸ்டர்ஸ் என்ற ரோமக் காசுகளைக் காணிக்கையாகக் கொடுத்தவர். அவர் சொன்னது இதுதான்: இந்த உலகத்தைப் படைத்தவர் வேறொரு தெய்வம், குறைவுபட்டவர், இயேசுவின் பிதா அவருக்கும் மேலானவர், அன்பே உருவானவர். எனவே பழைய ஏற்பாடு முழுவதும் வேண்டாம். லூக்காவின் சுவிசேஷத்தைச் சுருக்கி, பவுலின் நிருபங்களில் பத்தை மட்டும் சேர்த்தால் போதும்.

கேட்பதற்குப் பக்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் உடலும் மண்ணும் குறைவுபட்டவரின் கைவேலை என்று சொல்லிவிட்ட பிறகு, இயேசு ஒரு பெண்ணின் வயிற்றில் பிறந்தார் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? சொல்லவில்லை. அவருடைய இயேசு, வளர்ந்த மனிதராகவே வானத்திலிருந்து நேரே கப்பர்நகூமில் வந்து இறங்கினார். அவருக்கு இருந்தது உண்மையான மாம்சம் இல்லை, மாம்சம் போன்ற ஒரு தோற்றம். அப்படியானால் ஆணி எதில் இறங்கியது? சிந்தியது யாருடைய இரத்தம்? படைப்பைத் தள்ளினார், சிலுவையும் கையை விட்டுப் போயிற்று. கி.பி. 144இல் ரோமச் சபை அவரை விலக்கியது. அவர் கொடுத்த பணத்தையும் முழுதாகத் திருப்பிக் கொடுத்தது. அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்த கைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது. ஞாயிறுதோறும் நாம் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப்பிரமாணம் வானத்தையும் பூமியையும் படைத்த பிதாவில் தொடங்கி, அதற்குப் பிறகுதான் சிலுவைத் தீர்ப்புக் கொடுத்த பொந்தியு பிலாத்துவிடம் வந்து சேருகிறது. அந்த வரிசையில் பொருள் இருக்கிறது.

அப்புறம், ஆதியாகமம் சொல்வது எவ்வளவு புதிய சேதி என்பதைப் பாருங்கள். பாபிலோனியரின் படைப்புக் கதையில், தோற்றுப்போன கிங்கு என்ற தெய்வத்தைக் கொன்று, அந்த இரத்தத்தில் மனிதனை உண்டாக்குகிறார்கள். எதற்கு? தெய்வங்கள் ஓய்வெடுக்க, அவர்களுடைய பாரத்தை மனிதன் சுமப்பதற்கு. ஆதியாகமத்தில் கொலை இல்லை. அண்டை நாடுகள் கும்பிட்ட சூரியனும் சந்திரனும் இங்கே பெரிய சுடர், சிறிய சுடர், அவ்வளவுதான். அந்த நாடுகளில் தெய்வத்தின் சாயல் என்று சொன்னால் அது அரசனைக் குறித்தது. இங்கே? “ஆணும் பெண்ணுமாக அவர்களைச் சிருஷ்டித்தார்.” எல்லாரும் சாயல்.

இது வெறும் தத்துவம் என்று நினைக்க வேண்டாம். எகிப்தின் ஆக்சிரிங்கு ஊர்க் குப்பைமேட்டில் ஒரு கடிதம் கிடைத்தது. கி.மு. 1ஆம் ஆண்டு, வேலைக்காக அலெக்சாந்திரியா போன ஹிலாரியோன் என்பவர் கர்ப்பிணி மனைவிக்கு எழுதியது. கவலைப்படாதே, கூலி வந்ததும் அனுப்புகிறேன் என்று பாசமாகத்தான் எழுதுகிறார். நடுவே ஒரு வரி: ஆண் பிறந்தால் இருக்கட்டும், பெண் பிறந்தால் வெளியே போட்டுவிடு. அவர் கொடியவர் இல்லை. அவர் காலத்து வழக்கம் அது. அந்த உலகத்தில்தான் ஆதித் திருச்சபை, பிறந்த குழந்தையைக் கொல்லாதே என்று சொன்னது. நான்காம் நூற்றாண்டில் நிசா நகரத்துப் பேராயர் கிரகோரி, அடிமைகளை வாங்கியவர்களைப் பிரசங்கத்தில் நேருக்கு நேர் கேட்டார்: தேவசாயலுக்கு எத்தனை காசு எடை போட்டுக் கொடுத்தாய்? அவர் கை வைத்தது ஆதியாகமம் முதல் அதிகாரத்தில்.

நம் ஊருக்கு வருகிறேன், மன வருத்தத்தோடு வருகிறேன். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். எவ்வளவோ காலம் கடந்த பிறகும், ஒரே சபைக்கு இரண்டு கல்லறைத் தோட்டமும் நடுவே ஒரு சுவரும் இருக்கும் ஊர்கள் உண்டு. அங்கே சிலுவையை யாரும் மறக்கவில்லை. பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் கேட்டு அழுகிறார்கள். அந்தக் கண்ணீர் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஆத்துமாவுக்கு மீட்பு, உடலுக்குத் தனி மண் என்று பிரித்துவிட்டார்கள். பவுல் ஏதென்ஸில், மார்ஸ் மேடையில், படைத்தவரிடமிருந்து தொடங்கி என்ன சொன்னார்? “மனுஷஜாதியான சகல ஜனங்களையும் அவர் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணி.” நம் வேதாகமத்தில் ஜாதி என்ற சொல் அங்கே அப்படித்தான் நிற்கிறது: மனுஷஜாதி.

எதிரணியினர் எழுந்து, பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தைக் காட்டுவார்கள். சிலுவைதானே “பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து” யூதர், யூதரல்லாதார் என்ற இரு கூட்டத்தையும் ஒன்றாக்கியது என்பார்கள். நல்ல வசனம். தயவுசெய்து அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள் என்று மட்டும் கேட்டு அமர்கிறேன். சுவரைத் தகர்த்தபின் அவர் என்ன செய்தார்? “இருதிறத்தாரையும் தமக்குள்ளாக ஒரே புதிய மனுஷனாகச் சிருஷ்டித்து.”