எதிராளியின் கணக்கு

வணக்கம் நேயர்களே.

2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், கொழும்பு வடக்கில் ஒரு வட்டாரத்தில் சுயேச்சைக் குழு சார்பில் நின்று தோற்றவன் நான். யாரை எதிர்த்து ஒரு மாதம் தொண்டை கட்டக் கத்தினேனோ, அவரும் தோற்றார். வென்றவர் மூன்றாமவர். அவரைப் பற்றி நாங்கள் இருவருமே ஒரு வார்த்தை பேசவில்லை.

என்னை இங்கே அழைத்தவர்கள், கட்சிப் பெயரும் வேண்டாம், எதிராளியின் பெயரும் வேண்டாம் என்றார்கள். சரி என்றேன். எதிராளியைக் குறை சொல்லப் போய் நான் பட்ட பாடு, பெயர் இல்லாமலே சொல்லக்கூடிய கதைதான்.

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்தில் ஒரு ஒழுங்கையில் கூட்டம். நாற்பது பிளாஸ்டிக் கதிரை, பாதி காலி. என் எதிராளி 2018இல் தெரிவாகி மாநகர சபையில் இருந்தவர். ஆகவே எனக்கு வேலை சுலபம் என்று நினைத்தேன். "ஏழு வருடமாக இந்த மனிதர் என்ன செய்தார்? தொடர்மாடியில் லிஃப்ட் மாதக்கணக்கில் நிற்கிறது. வயதானவர்கள் ஒன்பதாம் மாடிக்கு நடந்து ஏறுகிறார்கள். இவர் எங்கே போனார்?" நல்ல கைதட்டல். கூட்டம் முடிந்ததும், அதே தொடர்மாடியில் இடியப்பம் அவித்து விற்கும் ஓர் அம்மா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, லிஃப்டு மாநகர சபையோடது இல்லையே. அதுக்கு நாங்க வேற ஆபீசுக்குத்தான் கடிதம் குடுத்திருக்கோம்."

அவர் சொன்னது சரி. கொழும்பில் யாருடைய கையில் என்ன இருக்கிறது என்பது தனிப் பாடம். அந்தத் தொடர்மாடி நகர அபிவிருத்தி அதிகார சபையினுடையது. பழைய மாடிவீடுகள் சில தேசிய வீடமைப்பு அதிகார சபையினுடையவை. குழாய்த் தண்ணீருக்கு நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. பெரிய கால்வாய்களுக்கு வேறொரு கூட்டுத்தாபனம். மாநகர சபைக்கு மிஞ்சுவது குப்பை, உள்வீதி, வடிகான், கழிவுநீர்க் குழாய், மருந்தகம், தாய்சேய் நிலையம், நூலகம், மயானம். இவற்றுக்காக நாம் கட்டுவது சோலை வரி. நகர அபிவிருத்தி அதிகார சபை 2010க்குப் பிறகு சில வருடங்கள் பாதுகாப்பு அமைச்சின் கீழேயே இருந்தது. ஒரு வட்டார உறுப்பினர் அந்த வாசலுக்குப் போய் லிஃப்டைப் பற்றிக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அதைவிட மோசமானது அந்த "ஏழு வருடம்". 2018 பெப்ரவரியில் தேர்தல் நடந்தது. அந்தச் சபையின் காலம் 2023 மார்ச் 19உடன் முடிந்தது. அடுத்த தேர்தல் அந்த மார்ச் 9ஆம் திகதியே நடந்திருக்க வேண்டும். பணம் இல்லை என்று நிறுத்தினார்கள். அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. ஆக, இரண்டு வருடத்துக்கு மேல் கொழும்புக்கு மேயரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. ஆணையாளரும் அதிகாரிகளும்தான் நடத்தினார்கள். என் எதிராளி அந்த இரண்டு வருடமும் வீட்டில்தான் இருந்தார். நான் அவரிடம் ஏழு வருடக் கணக்குக் கேட்டேன்.

இது புதிய வழக்கமும் இல்லை. மீதொட்டமுல்லை குப்பை மலை சரிந்தது 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். இடம் கொலன்னாவை, குப்பை கொழும்பினுடையது. அன்று கொழும்பு மாநகர சபையில் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லை, சபையே இல்லாத காலம் அது. அந்த மலையின் கதையும் நீளம். எங்கள் பக்கத்துப் புளூமென்டால் குப்பை மேட்டில் கொட்டுவது 2009இல் நின்றது, குப்பை மீதொட்டமுல்லைக்குத் திரும்பியது. எங்கள் மூக்குக்குக் கிடைத்த விடுதலைக்கு வேறு யாரோ விலை கொடுத்தார்கள். கொட்டாஞ்சேனை மேடைகளில் இதை யாரும் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை.

எதிராளியைக் குறை சொல்லவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்து வருடம் பதவியில் இருந்தவரிடம் கணக்குக் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? "நல்லதையே பேசுவோம்" என்கிற வேட்பாளரைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

கணக்கே இல்லாதவர்களும் இந்த நகரத்தை ஆண்டிருக்கிறார்கள். 2006இல் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. அந்தக் கட்சியின் ஆதரவு மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் நின்ற ஒரு சுயேச்சைக் குழுவுக்குப் போனது. கண்ணாடி வென்றது. முச்சக்கர வண்டி ஓட்டிய உவைஸ் மொஹமட் இம்தியாஸ் மேயரானார். முச்சக்கர வண்டி ஓட்டுபவர் மேயராவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, சந்தோஷம்தான். ஆனால் வாக்குப் போட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பட்டியலில் ஐந்து பெயர் தெரிந்திருக்கும்?

மாநகர சபைத் தேர்தலில் முன்பு விருப்பு வாக்கு இருந்தது, கட்சிக்குப் போட்டுவிட்டு அதன் பட்டியலில் விரும்பியவர்களுக்கும் போடுவது. அப்போது ஒரு வேட்பாளருக்கு முதல் எதிரி அவருடைய கட்சிக்குள்ளேயே இருந்தார். சுவரொட்டிக்கு மேல் சுவரொட்டி ஒட்டுவதும் கிழிப்பதும் ஒரே கட்சிக்காரர்கள்தான். கொழும்பு மாநகர சபைத் தேர்தல் நடந்த 2011 ஒக்டோபர் 8ஆம் திகதி, முல்லேரியாவில் ஆளும் கூட்டணிக்குள்ளேயே இரு தரப்பு மோதிக்கொண்டது. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர உட்பட நால்வர் சுடப்பட்டு இறந்தார்கள். 2018இல் வட்டார முறை திரும்ப வந்த பிறகு எதிராளி கட்சிக்கு வெளியே வந்துவிட்டார். வெளியே என்றால் அடுத்த ஒழுங்கையில். ஒரே கோயில் திருவிழா, ஒரே பேக்கரி. அவருடைய மகளும் என் மருமகளும் ஒரே பாடசாலை வான் வண்டியில் போகிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரைக் குறை சொல்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அவருடைய சபைக் கணக்கு நமக்குத் தெரியாது, ஆனால் வீட்டுக் கதை தெரியும். என் குழுவில் இருந்த இளைஞர்கள் சிலர் அவருடைய குடும்ப விவகாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்கள். "அண்ணே, இதைப் போட்டா ஆள் முடிஞ்சான்" என்றார்கள். நான் மறுத்தேன். நல்லெண்ணத்தால் மட்டுமல்ல, உண்மையைச் சொன்னால் பயமும்தான். வேட்பாளர் ஒருவரின் தனிப்பட்ட நடத்தையைப் பற்றிப் பொய் பரப்புவது தேர்தல் சட்டத்தில் ஊழல் செயல். வென்ற ஆசனமே பறிபோகலாம். தேர்தல் மனுவுக்கு, அதாவது முடிவை எதிர்த்து நீதிமன்றம் போவதற்கு, இந்த நகரத்தில் பழைய வரலாறு உண்டு. 1931இல் கொழும்பு வடக்கில் வென்று அரசாங்க சபைக்குப் போன டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து தேர்தல் மனுவால் ஆசனத்தை இழந்தார். இடைத்தேர்தலில் அவருடைய மனைவி நேசம் சரவணமுத்து நின்று வென்றார். கணவர் 1937இல் கொழும்பின் முதல் மேயரானார். ஆசனம் போனதோடு ஆள் முடிந்துவிடவில்லை.

ஆனால் கவனியுங்கள், அந்தச் சட்டத்தின் கண் இருப்பது ஆளின் குணத்தின் மேல், நடத்தையின் மேல். "ஏழு வருடம்", "லிஃப்ட்" மாதிரிப் புளுகுகளுக்காக என்னை யாரும் நீதிமன்றத்துக்கு இழுக்கப் போவதில்லை. அந்த இடியப்பக்கார அம்மா மட்டும்தான் இழுத்தார்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2020 ஒக்டோபரில் கொரோனா இரண்டாம் அலை வந்து மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை எல்லாம் முடக்கப்பட்டபோது, என் எதிராளி வீடு வீடாக உலர் உணவுப் பொதி கொண்டுபோனார். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு படமும் எடுத்தார். நான் மேடையில் அதைப் "பட அரசியல்" என்று கிண்டல் செய்தேன். சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா பேசவில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது, அந்த அரிசியில் இரண்டு கிழமை நாங்களும் சாப்பிட்டோம்.

சரி, அவருடைய நிலைப்பாடுகளுக்கு வருவோம். கொழும்பு வேட்பாளருக்கு ஒரு வசதி உண்டு. தமிழில் ஒன்று சொல்லலாம், சிங்களத்தில் ஒன்று சொல்லலாம், கேட்கிறவர்கள் வேறு வேறு. என் எதிராளி எங்கள் பக்கத்தில் நடைபாதை வியாபாரிகளுக்குப் பாதுகாப்புத் தருவோம் என்றார். அடுத்த சந்தியில் சிங்களத்தில் பேசும்போது நடைபாதையைச் சுத்தமாக்குவோம் என்றார். இரண்டு கூட்டத்திலும் கைதட்டல். இதை நான் பிடித்துக்கொண்டேன், நியாயமான குற்றச்சாட்டு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அப்போது என் நண்பன் ஒருவன் என் இரண்டு பேச்சையும் போனில் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினான். தமிழ்ப் பேச்சில் தமிழ்ப் படிவம் இல்லாத கரும பீடங்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியிருக்கிறேன். சிங்களப் பேச்சில் அது ஒரு வரிகூட இல்லை. நேரம் போதவில்லை என்று நண்பனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை.

வாய் சொல்வது இப்படி என்றால், கையைப் பார்க்கலாமே? சபையில் கை உயர்த்துவதை மறைக்க முடியாது. ஆனால் முக்கியமான நேரத்தில் கையும் மறைந்துவிடுகிறது. 2025 ஜூன் 16ஆம் திகதி மேயரைத் தெரிவு செய்தபோது 117 உறுப்பினர் கொண்ட சபையில் தேசிய மக்கள் சக்திக்கு இருந்தது 48. அதன் வேட்பாளர் விராய் கெலி பல்தசார் பெற்றது 61, ஐக்கிய மக்கள் சக்தியின் ரிஸா சரூக் பெற்றது 54. இரகசிய வாக்கெடுப்பு. அந்த 48க்கு மேல் விழுந்த பதின்மூன்று வாக்கு யார் யாருடையவை என்பதைத் தேநீர்க் கடைகளில் ஆளுக்கொரு பட்டியலாகச் சொன்னார்கள். அது நல்லதா கெட்டதா என்பதற்குள் நான் போகவில்லை. உங்கள் வட்டார உறுப்பினர் உங்கள் வாக்கை எந்தப் பக்கம் கொண்டுபோனார் என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த தேர்தலில் அவரை எதிர்த்து நிற்பவருக்கும் தெரியாது.

தோற்ற பிறகு எனக்கு நேரம் நிறையக் கிடைத்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எந்தப் பொது நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார், பதினான்கு வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தேர்தலுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலையைத் தேர்தலுக்குப் பிறகு செய்தேன். 2018 முதல் 2023 வரையிலான கூட்ட அறிக்கைகளில் எங்கள் வட்டாரம் வரும் பக்கங்களைக் கேட்டு எழுதினேன். வந்தது. வாசித்தேன்.

நான் நினைத்ததுபோல அவர் கூட்டத்துக்குப் போகாதவர் இல்லை. அநேகமாக எல்லாக் கூட்டத்துக்கும் போயிருக்கிறார். எங்கள் ஒழுங்கை வடிகானைப் பற்றி முதல் வருடமே கேட்டிருக்கிறார். மழை பெய்தால் முழங்கால் வரை ஏறும் அதே வடிகான். "மதிப்பீடு தயாராகிறது" என்று பதில் வந்திருக்கிறது. அதோடு சரி. அடுத்த நான்கு வருடமும் அந்தக் கேள்வியை அவர் திரும்பக் கேட்கவே இல்லை. ஒவ்வொரு வருடமும் வரவு செலவுத் திட்டத்துக்குக் கை உயர்த்தியிருக்கிறார். அதில் எங்கள் வடிகானுக்கு ஒரு சதம்கூட இல்லை.

ஒரு மாதம் லிஃப்டைப் பற்றிக் கத்திய வாயால் இந்த ஒரு பக்கத்தை வாசித்திருந்தால் போதும். அந்த அம்மாவும் என்னைத் திருத்த வந்திருக்க மாட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு தேநீர்க் கடையில் அவரைக் கண்டேன். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, சொன்னேன். "அண்ணே, உங்க கூட்ட அறிக்கை எல்லாம் எடுத்துப் பார்த்துட்டேன். வடிகானைப் பத்தி ஒரு தடவை கேட்டுட்டு விட்டுட்டீங்க." அவர் கோபப்படவில்லை. பிளேன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்: "அடுத்த முறை மேடையில சொல்வீங்களா தம்பி?" சொல்வேன் என்றேன்.

"சொல்லுங்க. நானும் உங்க செலவுக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். நாற்பது கதிரைக்கு வாடகை போட்டிருக்கீங்க. அந்தக் கூட்டத்தில இருந்தது இருபது பேர்தான்."

கதிரை நாற்பதுதான், ஆள்தான் இருபது என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து இரண்டு டீக்கும் காசு கொடுத்தார். தேர்தல் காலமாக இருந்திருந்தால் அதையும் எழுதி வைத்திருப்பேன்.

நன்றி, வணக்கம்.