அடிபட்ட மான் வேலி தாண்டினால்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். வேட்டையைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். வேட்டை என்றதும் துப்பாக்கி, குறி, காடு என்றுதான் மனம் ஓடும். நான் பேசப்போவது துப்பாக்கி வெடித்த பிறகு நடப்பதைப் பற்றி. அடிபட்ட மான் அங்கேயே விழாமல், அடுத்தவர் வேலியைத் தாண்டிப் போய்விட்டால் என்ன செய்வது?

இந்தியாவில் சட்டம் வேட்டையைத் தடுத்திருக்கிறது. நான் சொல்வது உரிமம் வாங்கி, பருவம் பார்த்து வேட்டையாட இடமுள்ள நாடுகளைப் பற்றி. நான் பல வருடம் வேட்டையாடியதும் அப்படி ஓர் இடத்தில்தான். ஆனாலும் இந்தக் கேள்வி உங்களுக்குப் புதிதில்லை. சின்ன வயதில் அடித்த பந்து பக்கத்து வீட்டுக்குள் விழுந்திருக்கும். சுவர் ஏறிக் குதிப்பதா, கதவைத் தட்டுவதா என்று நின்றிருப்பீர்கள். அதே கேள்விதான் இது. ஆனால் பந்துக்கு வலிக்காது, மானுக்கு வலிக்கும்.

பரீட்சித்து மகாராஜா கதை எல்லோருக்கும் தெரியும். பாம்பு கடித்து இறந்த அரசன் என்றுதான் நினைவு வைத்திருப்போம். அந்தக் கதை எங்கே தொடங்குகிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு மானில் தொடங்குகிறது. அவன் அம்பு பட்ட மான் எதுவும் அதுவரை தப்பிப் போனதில்லை என்று பாரதம் சொல்கிறது. அன்றைக்கு ஒன்று தப்பிவிட்டது. விடாமல் பின்னாலேயே போகிறான். அறுபது வயது, பசி, தாகம், களைப்பு. போன இடத்தில் சமீகர் என்ற முனிவர் உட்கார்ந்திருக்கிறார். "நான் பரீட்சித்து, என் அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா?" என்று கேட்கிறான். அவர் மௌன விரதத்தில் இருக்கிறார், பதில் வரவில்லை. அரசனுக்குக் கோபம் வந்துவிட்டது. செத்துக் கிடந்த ஒரு பாம்பை வில் நுனியால் எடுத்து அவர் தோளில் போட்டுவிட்டுப் போகிறான். முனிவரின் மகன் சபிக்க, ஏழாம் நாள் தட்சகன் வருகிறான்.

இந்தக் கதையை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பரீட்சித்து அடிபட்ட மானை விட்டுவிட்டுப் போகவில்லை. தேடிப் போனான், அது சரி. கண்ட மனிதரிடம் கேட்டான், அதுவும் சரி. பதில் வராதபோதுதான் தவறிப்போனான். அடுத்தவர் வாய் திறக்காமல் இருக்கலாம், முடியாது என்றும் சொல்லலாம். அதைத் தாங்கிக்கொள்ள முடியாதவன் கேட்கவே இல்லை, உத்தரவு போட்டிருக்கிறான்.

நம் அகப்பாட்டு மரபிலும் இந்தக் கேள்வி உண்டு. தினைப்புனம் காக்கிற பெண்களிடம் தலைவன் வந்து, அம்பு பட்ட யானை இப்பக்கம் வந்ததா என்று கேட்பான். வேழம் வினாதல் என்று அந்தத் துறைக்கே பெயர். அவன் வந்தது யானைக்காக இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் இன்னொருவர் புனத்துக்கு வந்து பேச்சைத் தொடங்க, அடிபட்ட விலங்கைத் தேடி வந்தேன் என்பதே யாரும் நம்பக்கூடிய காரணமாக இருந்திருக்கிறது, பாருங்கள்.

இனி என் கதை. நான் வேட்டை பழகிய ஆரம்ப வருடங்கள். வேலியிலிருந்து ஐம்பதடி கூட இருக்காது, அங்கே மறைவு கட்டி உட்கார்ந்திருந்தேன். மான்கள் அந்த வேலியோரமாகத்தான் நடக்கும், அதனால் அந்த இடம். சாயங்காலம் ஒரு மான் வந்தது, சுட்டேன். அது எகிறி ஓடியது. புல்லில் ரத்தம் இளஞ்சிவப்பாக, நுரை நுரையாக இருந்தது. அப்படி இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது என்று அர்த்தம், அதிக தூரம் போகாது. தடம் நேராக வேலிக்குப் போனது. கீழ்க் கம்பியில் வயிற்றுப் பக்கத்து வெள்ளை மயிர் ஒரு கொத்து சிக்கியிருந்தது. அந்தப் பக்கம் நாற்பது காலடி தள்ளி, புல்லுக்கு மேலே ஒரு காது தெரிந்தது. அசையவில்லை.

நாற்பதே காலடி. சுற்றிலும் ஆள் இல்லை. ஒரு நிமிடத்தில் தாண்டிப் போய் இழுத்து வந்திருக்கலாம். நான் துப்பாக்கியை வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, சுற்றிப் போய் அந்த நிலத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். வயதான அம்மா ஒருவர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "முடியாது" என்றார். கெஞ்சிப் பார்த்தேன். "போன வருஷம் உன்னை மாதிரி ஒருத்தன் கம்பியை வெட்டிட்டுப் போனான். என் மாடுகள் ரோட்டில் நின்றன. ராத்திரி முழுக்கத் தேடினேன். அவன் கேட்கவே இல்லை. நீ கேட்கிறாய், சந்தோஷம். முடியாது" என்றார்.

அந்த மான் அங்கேயே கிடந்து வீணாய்ப் போனது. அந்த அம்மா மேல் அன்றைக்கு எனக்குக் கோபம். கோபம் அடங்க நாளாயிற்று. அடங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது. நுரையீரலில் பட்ட மான்கூட நூறு மீட்டர் ஓடும். ஐம்பதடியில் வேலி இருக்கிற இடத்தில் உட்கார்ந்து சுட்டவன், மான் அடுத்தவர் நிலத்தில் விழட்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டான். கதவைத் தட்டியது நல்ல பழக்கம்தான், ஆனால் ஒரு வேட்டைப் பருவம் தாமதமாகத் தட்டினேன்.

அடுத்த வருடம் பருவம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே போனேன். அவர் வேலியில் தொய்ந்திருந்த கம்பிகளை ஒரு நாள் முழுக்க இருந்து இழுத்துக் கட்டிக் கொடுத்தேன். மூன்று நிபந்தனை போட்டார். முதலில் எனக்குப் போன் பண்ணு, துப்பாக்கி இல்லாமல் வா, கேட்டைச் சாத்திவிட்டுப் போ. அதற்குப் பிறகு அவர் நிலத்தில் இரண்டே முறைதான் கால் வைத்தேன். மறைவை உள்ளே தள்ளிக் கட்டியிருந்தேன், அதனால் அதற்கு மேல் தேவை வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். பழைய ரோமானியச் சட்டத்திலிருந்தே இந்த வழக்கு இருக்கிறது. 533ஆம் ஆண்டு பேரரசர் ஜஸ்டினியன் காலத்துச் சட்டத் தொகுப்பின்படி, காட்டு விலங்கு பிடித்தவனுக்குச் சொந்தம். காயப்படுத்தினால் மட்டும் போதாது, பிடிக்கும்வரை எத்தனையோ நடக்கலாம். ஆனால் நிலத்துக்காரர் உள்ளே வராதே என்று தடுக்கலாம். 1805இல் நியூயார்க்கில் ஒரு நரி வழக்கு. ஒருவர் நாய்களோடு துரத்திக்கொண்டு வந்த நரியை, இன்னொருவர் குறுக்கே வந்து கொன்று எடுத்துப் போய்விட்டார். துரத்தியதால் மட்டும் நரி உனக்குச் சொந்தமாகாது என்றது நீதிமன்றம். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி லிவிங்ஸ்டன், இது வேட்டைக்காரர்களே கூடித் தீர்த்திருக்க வேண்டிய விஷயம் என்றார். எனக்கு அவர் சொன்னதுதான் பிடிக்கும்.

ஜெர்மனியில் பொதுவாக, அடிபட்ட விலங்கு அடுத்த வேட்டை எல்லைக்குள் போனால், அந்த எல்லைக்காரரோடு எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தால்தான் பின்தொடரலாம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மின்னசோட்டாவில், வேட்டை நாய் அடுத்தவர் நிலத்துக்குள் போய்விட்டால், துப்பாக்கி இல்லாமல் நடந்து போய் அழைத்து வரலாம், உடனே வெளியேறிவிட வேண்டும். பல மாநிலங்களில் அடிபட்ட மானை எடுக்கக்கூட அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பருவத்துக்கு முன்பே படித்துவிடுங்கள். மான் வேலி தாண்டிய பிறகு படிக்க உட்காராதீர்கள்.

"உயிரோடு துடிக்கிற விலங்கை விட்டுவிட்டு அனுமதிக்கு அலைவதா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, எனக்கும் வலிக்கிற கேள்வி. ஆனால் ரத்தத்தைப் பாருங்கள். கருஞ்சிவப்பு என்றால் பெரும்பாலும் ஈரல். ரத்தத்தோடு பச்சையாக, இரை கலந்து, நாற்றம் அடித்தால் குடல். குடலில் பட்ட மானை உடனே துரத்தினால், படுக்க வேண்டிய மான் எழுந்து மைல் கணக்கில் ஓடும். விட்டுவிட்டால் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். மணிக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டும். எப்படியும் காத்திருக்கப்போகிறோம், அந்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டினால் என்ன? திரும்பவும் சொல்கிறேன், காத்திருக்கிற அந்த நேரம்தான் கதவைத் தட்டுகிற நேரம்.

தடம் பிடிக்கும் நாய்களைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரே நிமிடம். ஸ்வீடனில் மான், பன்றி போன்ற விலங்குகளை வேட்டையாடுகிறவர்கள், அடிபட்டதைத் தேடப் பழகிய நாயை இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடத்துக்குக் கொண்டுவர ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். நாய் வைத்திருப்பவரின் எண்ணையும், நிலத்துக்காரரின் எண்ணையும் ஒரே தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் சார்ஜ் தீர்ந்துபோகும், தாள் தீராது. மானை எடுத்து வந்த பிறகு, எடுத்துவிட்டேன் என்று நிலத்துக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். குடலை அவர் நிலத்தில் போட்டுவிட்டு வராதீர்கள். கேட்டைச் சாத்தினேனா என்று திரும்பிப் போய் ஒருமுறை பாருங்கள். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.